முதல் இடி கேட்டதும்

ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த தலைமுறைக்கு விடியற்காலை இடி வேறு, பிற்பகல் இடி வேறு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செமோர், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மேற்கே வானம் உறுமினால் லயத்து வீடுகளில் பேச்சுக் குறைந்துவிடும். மரப்பட்டை நனைந்தால் பால் கோட்டு வழியாக வந்து மங்கில் விழாது. பட்டை முழுக்கப் பரவி, வழிந்து, மண்ணோடு போய்விடும். மரம் வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது. பிற்பகல் இடி அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடுவது விடியலில் என்பதால், இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்து, நண்பகல் வாக்கில் வாளியைச் சுமந்து வந்து பாலை நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்று மணிக்கு மேல் இடித்தால் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடினால் போதும்.

இந்த இரண்டு இடிகளும் பிறக்கும் இடமே வேறு. விடியற்காலை இடி கடலிலிருந்து வருவது. இரவில் சுமத்ரா தீவின் மலைகளிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று மலாக்கா நீரிணையின் வெதுவெதுப்பான நீருக்கு மேல் மேகங்களை வரிசையாக எழுப்புகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்த வரிசை அப்படியே கிழக்கே நகர்ந்து, பொழுது விடியும் முன் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வந்து மோதும். வானிலையாளர்கள் அதற்கு ‘சுமத்ரா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிற்பகல் இடியோ உள்ளூர்ச் சரக்கு. மேற்கே கிளேடாங் மலைத்தொடர், கிழக்கே தித்திவங்சா, நடுவில் கிந்தா பள்ளத்தாக்கு. காலையிலிருந்து சூடேறிய தரைக்காற்று மேலெழுகிறது. நீரிணைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து சேருகிறது. மலைச்சரிவு அதை இன்னும் மேலே தள்ளுகிறது. இரண்டு மணிக்குப் பஞ்சுப்பொதியாக நின்ற மேகம் நான்கு மணிக்குள் 15 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிடும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது அனேகமாக அன்றாடக் காட்சி.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 200 நாட்கள் வரை இடி கேட்கிறது. லண்டனில் அது சராசரியாக இருபது நாட்களுக்கும் குறைவு. இந்தக் கணக்கு எடுக்கப்படும் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். வானிலை நிலையத்தில் இருப்பவர் காதில் ஒரே ஒரு முறையாவது இடி விழுந்தால்தான் அன்றைய தேதி ‘இடிநாள்’. வானம் முழுக்க மின்னல் வெட்டினாலும், ஓசை கேட்காவிட்டால் அந்த நாள் கணக்கில் சேராது. இது உலக வானிலை அமைப்பு ஏற்ற வரையறை. இன்றைக்கு மின்னலின் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. உலகம் முழுவதும் நொடிக்குச் சுமார் 45 மின்னல்கள் என்று செயற்கைக்கோள்கள் எண்ணிச் சொல்கின்றன. ஆனாலும் நூறாண்டுக்கு மேலான பழைய பதிவேடுகள் எல்லாம் மனிதக் காதுகள் எழுதியவை. அந்தக் காது எதைக் கேட்கிறது என்று பார்ப்போம்.

இடிக்கு மூலப்பொருள் பனிக்கட்டி. பனியே பார்க்காத ஊர் செமோர். ஆனால் அதன் தலைக்கு மேல் ஐந்து கிலோமீட்டர் போனால் தண்ணீர் உறையும் குளிர். அந்த உயரத்தைத் தாண்டிய மேகத்துக்குள் மெல்லிய பனிப்படிகங்களும், சற்றுக் கனமான சிறு ஆலங்கட்டிகளும், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகளும் ஒரே கொந்தளிப்பில் சுழல்கின்றன. படிகமும் ஆலங்கட்டியும் மோதிப் பிரியும்போது மின்னேற்றம் கைமாறுகிறது. பெரும்பாலும் கனமானது எதிர்மின்னேற்றத்தோடு நடுவில் தங்கிவிட, இலேசானது நேர்மின்னேற்றத்தோடு மேலே போய்விடும். இப்படிக் கோடிக்கணக்கான மோதல்கள் நடந்தபின் மேகத்துக்குள் சேரும் மின்னழுத்தம் எவ்வளவு? இதற்கு ஒரு பதில் தமிழ்நாட்டிலிருந்து கிடைத்தது. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது அந்த எண்ணிக்கை குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து கணக்கிட்டு, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்திருக்க வேண்டும் என்று 2019இல் வெளியிட்டார்கள். வீட்டு பிளக்கில் நமக்கு வருவது 230 முதல் 240 வோல்ட்.

இவ்வளவு அழுத்தம் தாங்காமல் காற்று வழிவிடும்போது மின்னல். மேகத்திலிருந்து ஒரு மின்பாதை ஐம்பது மீட்டர், ஐம்பது மீட்டராகத் தாவித் தாவிக் கீழே இறங்குகிறது. தரைக்கு அருகே வந்ததும் மரத்தின் உச்சி, கம்பத்தின் முனை, சில சமயம் மனிதத் தலை என எங்கிருந்தாவது ஒரு பொறி அதை நோக்கி எழும்புகிறது. இரண்டும் தொட்ட கணத்தில் சுமார் முப்பதாயிரம் ஆம்பியர் பாய்கிறது. அந்தப் பாதையின் தடிமன் சில சென்டிமீட்டர்தான். அதற்குள் இருக்கும் காற்று ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் 30,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதித்துப்போகிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. விரிவதற்கு அவகாசம் கிடைக்காததால் உள்ளே அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைவிடப் பத்து முதல் நூறு மடங்கு ஏறிவிடுகிறது. அடுத்த கணம் அது வெடித்து விரிகிறது. முதல் சில மீட்டர்களுக்கு ஒலியைவிட வேகமான அதிர்ச்சி அலை, அதற்குப்பின் சாதாரண ஒலி அலை. அதுதான் இடி.

மேகங்கள் முட்டிக்கொள்வதால் இடி இடிக்கிறது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த பெரியவர்களை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1637இல் பிரெஞ்சு மேதை தெக்கார்த் கிட்டத்தட்ட அதையேதான் எழுதினார்: மேலே இருக்கும் மேகம் கீழே இருக்கும் மேகத்தின் மேல் சரிந்து விழுகிறது என்று. மின்னலின் வெப்பம்தான் காரணம் என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெளிவாகச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகும் நீராவி வெடிப்பு, வெற்றிடம் மூடிக்கொள்வது என்று வேறு விளக்கங்கள் கொஞ்ச காலம் போட்டியிட்டன. மோதல் நடக்கிறது என்பதில் நம் பெரியவர்கள் தப்பவும் இல்லை. மோதுவது மேகங்கள் அல்ல, அவற்றுக்குள் இருக்கும் பனித்துணுக்குகள். அந்த மோதல் நேரே இடியாவதில்லை, முதலில் மின்னலாகிறது.

ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் மின்னலுக்கு ஏன் பத்து, பதினைந்து நொடி நீளும் இடி? செமோர்க்காரர்கள் இதற்கான விடையைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். பக்கத்தில் கந்தான் மலையில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் குவாரி இருக்கிறது. குவாரி வெடி ஓரிடத்தில் நடப்பது. ‘டம்’ என்று ஒரே அடியாகக் கேட்டு ஓய்ந்துவிடும். மின்னல் ஓரிடத்தில் நடப்பதில்லை. அது பல கிலோமீட்டர் நீளமுள்ள, கோணல்மாணலான ஒரு கோடு. கோட்டின் எல்லாப் பகுதியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடித்தாலும், ஓசை ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தனித்தனியே நடந்து வருகிறது. அருகில் உள்ள முனை ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் அங்கிருந்து வரும் ஓசை மூன்று நொடியில் வந்துவிடும். மேகத்துக்குள் இருக்கும் மறுமுனை ஏழு கிலோமீட்டர் என்றால் அதன் ஓசை வர இருபது நொடி. இடையில் உள்ள பதினேழு நொடியும் இடி உருண்டுகொண்டே இருக்கும். கோடு நமக்குக் குறுக்காக ஓடும் துண்டுகளிலிருந்து ஓசை மொத்தமாக வந்து சேர்ந்து படார் என்று அறையும். நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ நீளும் துண்டுகள் குமுறலாக இழுக்கும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஓர் இடியை முழுதாகக் கேட்டால் அந்த மின்னல் வானத்தில் கிடந்த கிடப்பையே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

கிந்தா பள்ளத்தாக்கில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. இங்கே சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகளின் வெற்றுப் பாறைமுகங்கள் ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் அப்படியொரு குன்றின் அடியில்தான் இருக்கிறது. அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பாறைமுகத்தில் பட்டுத் திரும்பும் இடி மூன்று நொடி பிந்தி மறுபடி கேட்கும். ஒரு குன்று இருந்தால் ஒரு மறுமொழி. ஐந்தாறு குன்றுகள் சூழ்ந்திருந்தால் எது இடி, எது எதிரொலி என்று பிரிக்க முடியாதபடி ஓசை சுற்றிச் சுற்றி வரும்.

தூரத்து இடியில் அறைச்சல் இல்லாததற்குக் காரணம், போகப் போகக் காற்று கீச்சு ஒலிகளைத் தின்றுவிட்டுத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் கடத்துவது. இடியின் பெரும்பகுதி நொடிக்கு நூறு அதிர்வுகளை ஒட்டிய தாழ்ந்த ஒலி. காதுக்கு எட்டாத, அதனினும் தாழ்ந்த அதிர்வுகளும் அதில் உண்டு. தகரக் கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியும்: சத்தம் ஓய்ந்தபிறகும் தகரமும் சன்னல் கண்ணாடியும் நடுங்கிக்கொண்டிருக்கும். நூறு மீட்டருக்குள் மின்னல் இறங்கினால் ஓசையின் குணமே மாறிவிடும். முதலில் ‘டிக்’ என்றோ, புதுத்துணியைக் கிழிப்பதுபோல ‘சர்ர்’ என்றோ ஒரு மெல்லிய சத்தம். இடைவெளியே விடாமல் துப்பாக்கிச் சூடு போன்ற ஒரே வெடிப்பு. குமுறலைத் தனியாகக் கவனிக்கும் நிலையில் அப்போது யாரும் இருப்பதில்லை. அந்த ‘டிக்’ தரையிலிருந்து மேலே எழும்பிய பொறியின் ஓசை. அதைக் கேட்டவர் மயிரிழையில் பிழைத்தவர்.

மின்னியதும் “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்லும் வழக்கம் தோட்டங்களுக்கும் கப்பலேறி வந்தது. அந்தப் பெயரை உச்சரிக்கும்போது வாய் திறந்து காது அடைக்காமல் இருக்கும், அதுதான் முன்னோர் அறிவியல் என்று இப்போது ஒரு விளக்கம் சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விமானம் ஏறி இறங்கும்போது மெதுவாக மாறும் அழுத்தத்துக்கு வாயைத் திறப்பது உதவும். இடியின் அழுத்தம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் வந்து போய்விடுகிறது. ஆனால் அந்த வழக்கத்தை நான் விடச் சொல்லமாட்டேன். அதைக் கடிகாரமாக்கிக்கொள்ளலாம். ஒளி கண்ணிமைப்பதற்குள் வந்துவிடுகிறது; ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் நடக்கிறது. நிதானமாக ஓர் ‘அர்ஜுனா’ சொல்ல ஏறக்குறைய ஒரு நொடி. மின்னல் தெரிந்ததும் தொடங்கி, இடி கேட்கும்வரை எத்தனை முறை சொன்னோமோ அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். பதினைந்து அர்ஜுனா என்றால் ஐந்து கிலோமீட்டர். மூன்று என்றால் தோட்டத்து எல்லைக்குள். பிள்ளைகள் பயத்தையும் மறப்பார்கள், தூரத்தையும் அறிவார்கள்.

ஈப்போ நகரில் விழும் மின்னலின் ஓசை செமோருக்கு வர முக்கால் நிமிடம் ஆகும். பெரும்பாலும் வந்து சேராது. உயரம் போகப் போகக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைகிறது. அதனால் இடியோசை நேராகப் போகாமல் மேல்நோக்கி வளைந்து, சுமார் 15 கிலோமீட்டர் தாண்டியதும் நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. இரவில் மேற்கே கிளேடாங் மலைக்குப் பின்னால் வானம் ஓசையில்லாமல் மினுக்குவது நீரிணைக்கு மேல் நடக்கும் பெரும் இடிமழைதான். ஓசையோடு வந்தாலும் மழை நம்மிடம் வரும் என்பதற்கு உறுதியில்லை. வானத்து இடியை நம்பித் தாழியில் இருந்த தண்ணீரைக் கொட்டாதே என்று மலாய்க்காரர்கள் சொல்லிவைத்தது நல்ல வானிலைப் பாடம்.

மலாய்மொழியில் கீலாட் என்றால் வெட்டும் ஒளி, பெத்தீர் என்றால் விழும் மின்னல், கூரோ என்றால் உருளும் ஓசை. நாம் தென்னை கருகினாலும் ‘இடி விழுந்தது’ என்கிறோம், கூரையில் கம்பி நட்டால் ‘இடிதாங்கி’ என்கிறோம். மாவு இடிப்பதும், தோளில் இடிப்பதும், சுவரை இடிப்பதும், தவறு செய்தவரை இடித்துரைப்பதும் எல்லாம் அடிக்கிற வேலையாக இருக்கும் மொழியில், வானத்து ஓசையும் ஓர் அடியாகக் கேட்டது இயல்பே. தமிழர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. மண்ணைத் தோண்டும்போது கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளை மலாய் உலகம் ‘பத்து லிந்தார்’, அதாவது இடிக்கல் என்றது. இடியோடு வானத்திலிருந்து விழுந்த கல் என்று ஐரோப்பாவிலும் ஜப்பானிலும்கூட அவற்றைப் பத்திரப்படுத்தினார்கள். பேராக் மலைகளில் வாழும் செமாய், தெமியார் மக்கள், விலங்குகளைக் கேலி செய்து சிரித்தால் இடியும் புயலும் தண்டிக்க வரும் என்று பிள்ளைகளைக் கண்டிப்பார்கள். இதே நம்பிக்கை போர்னியோ வரை பரவியிருப்பதை மானிடவியலாளர் ரோட்னி நீடம் 1964இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். காடும் இடியும் அருகருகே இருக்கும் நாட்டில், உயிர்களை இழிவு செய்யாதே என்ற அறத்தை இடியிடம் ஒப்படைத்தது எனக்கு மிக அழகாகப் படுகிறது.

ஆனால் ஓசை யாரையும் கொல்வதில்லை. மின்னலின் ஆற்றலில் ஓசையாக மாறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கொல்வது மின்னோட்டம், அது வேலையை முடித்தபிறகுதான் இடி நம்மிடம் வருகிறது. நம் காதில் விழுந்த இடியின் மின்னல் நம்மைத் தொடவில்லை. அடுத்த மின்னலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நம் நம்பிக்கைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பதை உடனே தள்ளிவிட வேண்டாம். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷீத்தாக்கே காளான் வளர்க்கும் கட்டைகளில் உயர் மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்திப் பார்த்தபோது விளைச்சல் ஏறக்குறைய இரட்டிப்பானது. இடிமழை பயிருக்கு உரம் என்பதும் பொய்யில்லை; மின்னல் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிணைத்து ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் அளவுக்குத் தருகிறது என்பது இன்றைய மதிப்பீடு. டிவி பிளக்கைப் பிடுங்குவது முழுக்கச் சரி. நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடுவதால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கோபுரக் கலசமே இடிதாங்கி என்று பெருமையாகச் சொல்வது மட்டும் ஆபத்து. கலசத்திலிருந்து தரைக்குள் இறங்கும் செப்புக்கம்பி இல்லாவிட்டால், மின்னோட்டம் கல்லையும் சுதையையும் பிளந்துகொண்டுதான் கீழே இறங்கும். கோயில் நிர்வாகங்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபிறகு ஆபத்து கூடியிருக்கிறது. குலை வெட்டுகிறவர் கையில் இருப்பது நீண்ட அலுமினியக் கம்பு. செம்பனைத் தோப்பில் மின்னல் இறங்கிய இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் ஒரு மரம் மட்டைகள் தொங்கிக் கருகி நிற்கும், சுற்றியுள்ள மரங்களும் சில வாரங்களில் ஒவ்வொன்றாக வாடும். ஒரு மரத்தைத் தாக்கிய மின்னோட்டம் பக்கத்து மரத்துக்கும், மண் வழியாக அடுத்ததற்கும் தாவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மரத்தடியில் ஒதுங்கிய மனிதரும் அந்தக் கணக்கில்தான் சேருவார்.

ஒரு விஷயத்தில் இயற்கை நமக்குச் சாதகமாக இருக்கிறது. மின்னல் மழைமேகத்தைவிட்டு விலகி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கும் இடத்தில்கூட இறங்கக்கூடியது. இடியோசை கேட்கும் எல்லையும் ஏறக்குறைய அதே பத்துப் பதினைந்து கிலோமீட்டர். ஆக, இடி காதில் விழுந்தால் மின்னலின் எட்டுக்குள் நாம் வந்துவிட்டோம் என்று பொருள். மழை தூறத் தொடங்கட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே பள்ளித் திடலில் பிள்ளைகளை விளையாட விட்டிருக்கும் ஆசிரியர்களுக்கும், தோப்பில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் குத்தகையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் இடி எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் வேலையை நிறுத்துங்கள். சுவர் வைத்த கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய கார், வேனுக்குள்ளோ அனைவரையும் ஏற்றுங்கள். மரத்தடியும், சுவரில்லாத தகரக் கொட்டகையும், மோட்டார் சைக்கிளும் தஞ்சமாகாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை யாரையும் வெளியே விடாதீர்கள். இடையில் இன்னோர் இடி கேட்டால் அந்த முப்பது நிமிடத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.